பெயர் சொல்லாத் தூது

எச்.ஐ.வி. எனப்படும் வைரஸ் ஓர் உடலுக்குள் புகுந்த பின்னர், வெளித்தெரியும் குறி எதுவுமின்றி எட்டுப் பத்து ஆண்டுகள் வரை தங்கியிருக்கக்கூடியது. தொற்று ஏற்பட்டு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைநோ, உடல் உளைவு, தோலில் தடிப்பு ஆகியன தோன்றித் தாமாகவே மறைந்துவிடுகின்றன. மாரி மழையோடு டெங்குக் காய்ச்சலும் வந்துபோகும் யாழ்ப்பாணத்தில் அத்தகைய காய்ச்சலை எச்.ஐ.வி.யோடு தொடர்புபடுத்திப் பார்க்க எவருக்கும் தோன்றாது. அதன் பின் வரும் நீண்ட அமைதிக் காலத்தில், நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் சி.டி.4 என்னும் வெண்குருதிக் கலங்களை வைரஸ் சிறுகச் சிறுக அழித்துக்கொண்டிருக்க, தொற்றுடையவரோ கடலுக்குப் போய், தோட்டம் செய்து, திருமணம் முடித்து, பிள்ளை பெற்று வழமைபோல் வாழ்ந்துவருகிறார். தாமே அறியாத ஒன்றை அவர் பிறருக்குச் சொல்லவும் இயலாது, அதற்கு மருந்து தேடவும் இயலாது. காசநோயோ காரணம் புரியாத மெலிவோ அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் நாளில் அவருடைய எதிர்ப்புச் சக்தி பெரிதும் குன்றியிருப்பதோடு, அவரோடு வாழ்ந்தவருக்கும் தொற்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கக்கூடும்.

உலகில் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 39.9 மில்லியன் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தனர் என்றும், அவர்களுள் 5.4 மில்லியன் பேர் தமக்குத் தொற்று உள்ளதை அறியாதிருந்தனர் என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் எயிட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. இலங்கை மிகக் குறைந்த பரவலுள்ள நாடுகளுள் ஒன்று. வயதுவந்தோரில் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட இந்நாட்டின் தொற்று எட்டவில்லை. கேட்பதற்கு இது ஆறுதலான செய்தியாயினும், தொற்றைக் கண்டறிய முயல்வோருக்கு இதுவே பெரிய இடர். யாழ்ப்பாணத்தை அடுத்து, நாலாயிரம் பேரளவில் வாழும் நெடுந்தீவில் வளர்ந்தோர் அனைவரின் குருதியையும் சோதித்தாலும் தொற்றுடைய ஒருவரையேனும் காணாமல் போகலாம். செலவும் உழைப்பும் வீணாவதோடு, ஊர் முழுவதையும் சந்தேகத்துக்கு உட்படுத்திய பழியும் மிஞ்சும். ஆகவே, பரவல் குறைந்த நாட்டில் எல்லோரையும் சோதிப்பதைவிட, தொற்று உறுதியான ஒருவரிடமிருந்து தொடங்கி அவரோடு பாலுறவு கொண்டவர்களையும், தொற்றுடைய தாயாயின் அவருடைய பிள்ளைகளையும் தேடிச் செல்வதே பயன் மிகுந்த வழியாகிறது. இம்முறையே இணையருக்கு அறிவித்தல் என்று வழங்கப்படுகிறது.

அறிவிக்கும் வழிகள் நான்கு. தொற்றுடையவர் தாமாகவே தம் இணையரிடம் சொல்வது முதலாவது. சுகாதார உத்தியோகத்தர் ஒருவர், தொற்றுடையவரின் சம்மதத்தோடு, அவர் பெயரை வெளியிடாமல் இணையரைத் தொடர்புகொண்டு சோதனைக்கு அழைப்பது இரண்டாவது. குறித்த சில வாரங்களுக்குள் தாமே சொல்லிவிடுவதாகத் தொற்றுடையவர் உடன்பட்டு, தவறினால் உத்தியோகத்தர் சொல்லலாம் என இசைவது மூன்றாவது. ஆற்றுப்படுத்துநர் அருகிருக்க, தொற்றுடையவரும் இணையரும் சேர்ந்திருந்து பேசுவது நான்காவது. முதல் வழி எளிதாகத் தோன்றுகிறது. பெரும்பாலான நாடுகள் நெடுங்காலம் அதையே நம்பியிருந்தன. எனினும் அவ்வழி பெரிதும் பயன் தரவில்லை என்பதை ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், சொல்லும் பொறுப்பு நோயாளரிடமே விடப்பட்ட பிரிவில் 153 இணையருள் 10 பேருக்கே செய்தி எட்டியது. உத்தியோகத்தர் பொறுப்பேற்ற பிரிவில் 157 பேருள் 78 பேருக்கு எட்டியது. ஆபிரிக்காவின் மலாவியில் நடந்து 2011இல் வெளியான ஆய்விலும், நோயாளரே சொன்னபோது இணையரில் 24 வீதத்தினரும், உத்தியோகத்தரின் துணை இருந்தபோது 51 வீதத்தினரும் சோதனைக்கு வந்தனர். வந்தவர்களுள் 64 வீதத்தினருக்குத் தொற்று இருந்தது. வேறெந்தச் சோதனை முகாமிலும் இத்தகைய விகிதத்தைக் காண்பது அரிது. இவை போன்ற சான்றுகளைக் கொண்டே உலக சுகாதார நிறுவனம் 2016 டிசம்பரில், தன்னார்வத்தின் அடிப்படையில் உத்தியோகத்தர் துணையோடு இணையருக்கு அறிவிக்கும் சேவையை எல்லா நாடுகளும் வழங்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

தன்னார்வம் என்ற சொல் அப்பரிந்துரையில் ஒப்புக்காக வைக்கப்பட்டதன்று. பாலியல் நோயாளரின் தொடர்புகளைத் தேடும் முறை எச்.ஐ.வி.க்கு முந்தியது, சிபிலிஸ் எனப்படும் மேகப்புண்ணுக்காக உருவான அம்முறைக்கு வலுக்கட்டாயத்தின் வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியா 1942இல் பிறப்பித்த 33பி என்னும் ஒழுங்குவிதி, நோயாளர் இருவரால் பெயர் சுட்டப்பட்ட எவரையும் சிகிச்சைக்குக் கட்டாயப்படுத்த இடமளித்தது. எச்.ஐ.வி. வந்தபோது, மருந்தே இல்லாத ஒரு நோய்க்காகப் பெயர்களைத் திரட்டுவதால் எவருக்கு நன்மை என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் வந்த பின்னரே அக்கேள்வி வலுவிழந்தது. செய்தியைச் சொல்பவர் அதனோடு மருந்தையும் கொண்டுவர முடிந்தது.

இலங்கையில் எச்.ஐ.வி. தொற்றுடைய முதலாவது இலங்கையர் 1987இல் அடையாளம் காணப்பட்டார். நாட்டுக்குள்ளேயே பரவிய முதல் தொற்று 1989இல் பதிவானது. வீதி விபத்தொன்றின் பின் ஏற்றப்பட்ட குருதியினால் தொற்றுக்குள்ளாகி, அதை மறைக்காமல் வெளிப்படையாக அறிவித்து, நோயாளரின் மருந்துரிமைக்காகப் போராடிய குழந்தை நல வைத்தியர் கமலிகா அபேரத்ன 2004இல் காலமானார். அதே ஆண்டின் இறுதியிலேதான் அரசு வைத்தியசாலைகளில் எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் மாவட்டங்கள் தோறும் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் அது போதனா வைத்தியசாலையில் உள்ளது. இத்தகைய நிலையங்களில் வைத்தியரோடு தாதிய உத்தியோகத்தரும் பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பணியாற்றுகின்றனர். கிராமத்தில் நுளம்புக் குடம்பி தேடியும் உணவுக் கடைகளைச் சோதித்தும் மக்களுக்கு அறிமுகமான அதே பி.எச்.ஐ. பதவியில் உள்ளவர்தாம், இங்கே இணையரைக் கண்டறியும் நுண்ணிய பணியைச் செய்கிறார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

இப்பணி யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளாகிய தீவகத்தில் எவ்வாறு நடக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பது, இம்முறையின் வலுவையும் வரம்பையும் ஒருசேர விளக்கும். தீவகத்தில் தொற்று மிகுதி என்பது இதன் பொருளன்று. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூர் ஒன்றில் இரகசியத்தை எப்படிக் காப்பது என்ற கேள்விக்குத் தீவகத்தைவிடக் கடினமான களம் இலங்கையில் வேறில்லை என்பதே காரணம். ஊர்காவற்றுறையும் வேலணையும் ஒரே தீவில் அமைந்து, பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாண நகரோடு இணைந்துள்ளன. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கிறது. அதன் அந்தத்தில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் தரைவழி முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவும், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமளவும் கடலில் செல்ல வேண்டும். படகுகள் குறித்த நேரங்களிலேயே புறப்படுகின்றன. கச்சான் காற்று எழும்பினால் அவையும் ஓடா.

இந்த இறங்குதுறையில் நிற்கும் எவரும் மறைவாக நிற்க முடியாது. “எங்க வெளிக்கிட்டியள்?” என்பது யாழ்ப்பாணத்தில் கேள்வியாக எண்ணப்படாத ஒரு முகமன், ஆயினும் சோதனைக்குச் செல்லும் ஒருவர் அதற்கும் விடை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். அவ்வாறே, அறிமுகமற்ற உத்தியோகத்தர் ஒருவர் நெடுந்தீவில் இறங்கி ஒரு வீட்டை விசாரித்தால், அவர் அவ்வீட்டுப் படலையை அடையுமுன்பே அயல் முழுவதும் செய்தி பரவிவிடும். அறிமுகமான உத்தியோகத்தராயின், வேறெந்தக் காரணமும் சொல்ல முடியாத வேளையில் ஏன் வந்தார் என்ற ஆராய்ச்சி தொடங்கும். நகரத்தில் வீடு தேடிச் செல்வது இரகசியமான வழியாக இருக்கலாம். தீவில் அது தண்டோராவுக்கு ஒப்பானது. ஆதலால் இங்கே தொலைபேசியே முதற் கருவியாக இருக்க முடியும். “சுகாதாரப் பகுதியிலயிருந்து கதைக்கிறன், தனிய நிண்டு கதைக்க ஏலுமே?” என்று தொடங்கி, பேசுபவர் தேடப்படுபவர்தான் என்பதை உறுதிசெய்த பின்னரும், எச்.ஐ.வி. என்ற சொல்லைத் தொலைபேசியில் உச்சரிக்காமல், ஒரு சோதனைக்காக யாழ்ப்பாணம் வருமாறு மட்டும் அழைத்து, மீதியை நேரில் சொல்வதே அறிவுடைய நடைமுறை. ஒரு வீட்டில் ஒரு கைப்பேசியை நால்வர் எடுத்துப் பேசும் வழக்கம் இருக்கும்வரை, இந்த எச்சரிக்கையை மிகை என்று தள்ள முடியாது.

ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலும் தீவுகளின் பிரதேச வைத்தியசாலைகளிலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் கடற்பயணம் மிச்சமாகுமே என்று ஒருவர் வாதிடலாம். பயணச் செலவையும் இழந்த நாட்கூலியையும் பார்த்தால் வாதம் சரி. ஆனால் தீவு வைத்தியசாலையில் பணிபுரிபவர் நோயாளரின் ஒன்றுவிட்ட சகோதரியாகவோ பக்கத்து வளவுக்காரராகவோ இருக்கக்கூடும் என்பதையும், யாழ்ப்பாணத்துக்கு ஒவ்வொரு தீவகத்தாரும் வங்கிக்கோ சாமான் வாங்கவோ உறவினர் வீட்டுக்கோ எப்படியும் போய்வருகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாளொன்றுக்குப் பெருந்தொகையானோர் வந்துபோகும் போதனா வைத்தியசாலையின் நெரிசலே ஒரு மறைவிடம் என்பது விளங்கும். தூரம் பொதுவாகச் சுகாதார சேவைக்குத் தடையென்று கருதப்படுகிறது. இந்த ஒரு நோயின் பொருட்டு, தீவகத்தாருக்கு அது காப்பாகவும் அமைகிறது. சிகிச்சை தொடங்கி உடல் நிலைபெற்றவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கான மருந்தை ஒரே முறையில் வழங்கலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், படகுப் பயணங்களைக் குறைக்க வேண்டிய இத்தகைய ஊர்களுக்கென்றே எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது.

பெயரை மறைத்துச் செய்தி சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு; கையேடுகள் அதைப் போதிய அழுத்தத்தோடு பேசுவதில்லை. பல இணையர் உள்ள ஒருவருக்கு வரும் பெயரற்ற செய்தி உண்மையிலேயே பெயரற்றது. வாழ்நாளில் கணவர் ஒருவரோடு மட்டும் உறவு கொண்ட பெண்ணிடம், “உங்களோடு தொடர்புடைய ஒருவருக்குத் தொற்று உண்டு” என்று சொல்வது, கணவரின் பெயரைச் சொல்வதற்குச் சமம். ஆகவே மனைவி, கணவர் என்ற உறவில் பெயர் மறைக்கும் வழி பொருந்தாது. இருவரும் ஆற்றுப்படுத்துநர் முன்னிலையில் சேர்ந்திருக்கும் நான்காம் வழியே பொருந்தும். அந்த அறையில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கேள்வி எழாமல் இராது. குருதிச் சோதனை தொற்று உண்டா இல்லையா என்று சொல்லுமேயன்றி, முதலில் தொற்றியவர் யாரென்று சொல்லாது என்பதை அங்கேயே தெளிவுபடுத்துவது உத்தியோகத்தரின் கடமை. முதலில் சோதிக்கப்பட்டவர் முதலில் தொற்றியவர் என்ற தவறான முடிவு பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. ஏனெனில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகள் வழங்கப்படுவதால், குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுபவர் அவளாக இருப்பதே இயல்பு. அச்சோதனைத் திட்டத்தின் பயனாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றுப்படுத்தியது. சிகிச்சையின்றி 15 முதல் 45 வீதம் வரை இருக்கக்கூடிய அப்பரவல், உரிய சிகிச்சையால் 5 வீதத்துக்குக் கீழே இறங்குகிறது. வீடு தோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு இதில் பெரியது. அதே வேளையில், கணவனிடம் சொன்னால் அடி விழுமா, வீட்டை விட்டுத் துரத்தப்படுவாளா என்பதை முன்கூட்டியே கேட்டறியாமல் எந்தப் பெண்ணின் இணையருக்கும் செய்தி அனுப்பலாகாது.

தீவகத்தின் தொடர்புச் சங்கிலி தீவகத்துக்குள்ளேயே முடிவதில்லை. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை மக்களின் குடும்பங்கள் இன்று கொழும்பு, வன்னி, கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா என விரிந்து கிடக்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வந்துபோகும் உறவினர், வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்புவோர், தெற்கிலிருந்து வரும் படையினர், சுற்றுலாப் பயணிகள் என இத்தீவுகளின் மனித நடமாட்டம் அவற்றின் மக்கள்தொகையைவிடப் பன்மடங்கு பெரிது. வளைகுடா நாடுகள் தொழிலாளரை எடுக்குமுன் எச்.ஐ.வி. சோதனை கேட்கின்றன, அச்சோதனையில் தொற்றுத் தெரிந்தால் விசா மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டவரை ஆற்றுப்படுத்திச் சிகிச்சையில் சேர்த்து, அவருடைய இணையரையும் தேடுவது வேலைக்கு ஆள் எடுப்பவரின் நோக்கமன்று. அங்கே கிடைத்த செய்தி அரசு சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்தாலன்றிச் சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். இணையர் கடல் கடந்த நாட்டில் இருப்பின், செய்தியை உத்தியோகத்தர் எடுத்துச் செல்வது அரிது; நோயாளரே, உத்தியோகத்தர் கற்றுத்தந்த சொற்களோடு, தொலைபேசியில் சொல்ல வேண்டியிருக்கும்.

சமூகம் இச்செய்தியை எவ்வாறு எதிர்கொள்ளும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. குளியாப்பிட்டியில் தந்தை எயிட்சினால் இறந்தார் என்ற வதந்தியை நம்பி, தொற்றே இல்லாத ஒரு சிறுவனைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது; எச்.ஐ.வி.யோடு வாழ்வோருக்கும் கல்வியுரிமை உண்டென்பதை நீதிமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது. ஒரு வதந்திக்கே இவ்வளவு விலை எனில், உண்மை வெளிப்பட்டால் நேர்வதை எவரும் ஊகிக்கலாம். ஆணோடு உறவு கொண்ட ஆணுக்கு அச்சம் இரட்டிப்பு. பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அவ்வுறவைக் குற்றமாக்கியதால், இணையரின் பெயரைச் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பதாகவே அவருக்குத் தோன்றும். அப்பிரிவுகளை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது; ஆயினும் அத்தீர்மானத்தால் மட்டும் பிரிவுகள் நீங்கிவிடவில்லை.

சம்மதம் தர மறுப்பவரை என்ன செய்வது என்பது இத்துறையின் தீராத கேள்வி. இந்தியாவில் திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஒருவரின் தொற்றை ஒரு வைத்தியசாலை வெளிப்படுத்திய வழக்கில், மணமகளின் உயிருரிமையே மேலானது என உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது. பின்னர் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய எச்.ஐ.வி., எயிட்ஸ் சட்டம், இணையருக்கு உண்மையான ஆபத்து இருந்து, ஆற்றுப்படுத்தல் பயனளிக்காமல், சொல்லப்போவதை நோயாளருக்கும் முன்கூட்டியே அறிவித்த பின்னரே வைத்தியரோ ஆற்றுப்படுத்துநரோ வெளிப்படுத்தலாம் என வரையறுத்தது. பெண்ணுக்கு வன்முறையோ கைவிடப்படும் நிலையோ நேரக்கூடுமெனின் அவர் தம் துணைவருக்குச் சொல்லும் கடமையிலிருந்து விலக்கும் தந்தது. இலங்கையும் இத்தகைய தெளிவான எழுத்தை வேண்டி நிற்கிறது. உத்தியோகத்தரின் நற்பண்பை மட்டும் நம்பிப் பெயர்களை ஒப்படைக்குமாறு மக்களைக் கேட்பது நியாயமாகாது.

இரகசியம் இங்கே நோயாளருக்குக் காட்டும் மரியாதை மட்டுமன்று. தொற்றைக் கண்டறியும் கருவியே அதுதான். ஒரு பெயர் ஒருமுறை கசிந்தால், அந்தத் தீவிலிருந்து அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எவரும் வேறொரு பெயரைச் சொல்லார். பதிவேடு எங்கே பூட்டப்படுகிறது, அழைப்பு எந்த எண்ணிலிருந்து செல்கிறது, சிகிச்சை நிலையத்தின் பெயர்ப்பலகை எவ்விடத்தில் தொங்குகிறது என்பன அற்ப விடயங்களாகத் தோன்றினும், புதிய சோதனைக் கருவிகளைவிட இவற்றில் செலுத்தும் கவனமே கூடிய தொற்றுகளைக் கண்டறியும்.

செய்தி சென்ற பின் நடப்பதையும் அறிந்துகொள்வது பயன் தரும். உறவு நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் இணையர் வந்தால், தொற்றைத் தடுக்கும் 28 நாள் மருந்தைத் தொடங்கலாம். பிந்தி வந்தவருக்குக் குருதிச் சோதனை செய்யப்படும். தொற்று ஏற்பட்டாலும் முதல் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாத இடைவெளி இருப்பதால், தொற்று இல்லை என்ற முடிவு வந்தவர் மூன்று மாதத்தின் பின் மீளவும் வர வேண்டும். தொற்று இல்லாதவர் ஆணுறையாலும் முற்காப்பு மருந்தாலும் தம்மைக் காத்துக்கொள்ளலாம். தொற்று உள்ளவர் நாள்தோறும் மருந்தெடுத்தால் குருதியில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைகிறது. அந்நிலையில் பாலுறவினால் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுப் பரவுவதில்லை. சென்னையும் ஒரு களமாக அமைந்த பன்னாட்டு ஆய்வொன்று, உரிய நேரத்தில் தொடங்கும் சிகிச்சை இணையருக்குப் பரவுவதை 96 வீதம் குறைக்கிறது என 2011இல் காட்டியது. ஐரோப்பாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, வைரஸ் அடங்கியவர்களிடமிருந்து இணையருக்கு ஒரு தொற்றுக்கூடப் பரவவில்லை எனக் கண்டது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னையில் கண்டறிந்த சுனிதி சாலமனிடமும் செல்லப்பன் நிர்மலாவிடமும் அன்று நோயாளருக்குக் கொடுக்க மருந்தே இருக்கவில்லை என்பதோடு ஒப்பிட்டால், இம்மாற்றத்தின் அளவு புலப்படும்.

எனவே சுகாதாரப் பகுதியிலிருந்து எதிர்பாராத அழைப்பொன்றைப் பெறும் தீவகத்தார், யார் தம் பெயரைச் சொன்னார் என்று தேடுவதை விடுத்து, அடுத்த படகில் யாழ்ப்பாணம் போய்வருவதே தமக்கும் தம் குடும்பத்துக்கும் நல்லது. போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். அங்கு செல்ல எந்த வைத்தியரின் கடிதமும் தேவையில்லை.